உப்பு டப்பா தெக்கால இருக்கு

அம்மா மேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் இருந்தார். வந்து இறங்கியது ராத்திரி, லிஃப்டில் ஏழாவது மாடி, உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதுல கிழக்கு எதுடா?" மூன்று வருஷமாக இருக்கும் வீடு, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பால்கனியில் வெயில் விழுந்த பிறகுதான் அம்மாவுக்கு நிம்மதி. அப்புறம் எல்லாமே "மிக்ஸிக்கு வடக்கால", "ஃபிரிட்ஜுக்கு மேக்கால"தான்.

ஒரு காலத்தில் நானும் அப்படிப் பேசியவன்தான். இங்கே ஆட்டோவில் கன்னடத்தில் "எடக்கே, பலக்கே", ஆபீஸில் லெஃப்ட், ரைட் என்று பேசிப் பேசி, திசை எங்கே கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை.

மொழி புத்தியை எவ்வளவு இழுக்கும் என்ற பேச்சு வந்தால் ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியைச் சொல்வார்கள் (கங்காரு என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான்). அதில் கையருகே இருக்கும் பொருளுக்கும் திசைதான். அவ்வளவு தூரம் போவானேன், எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழர்களிடமே இதைச் சோதித்திருக்கிறார். மேசையில் சில பொருட்களை வரிசையாகக் காட்டி, ஆளை அப்படியே திருப்பி, பின்னால் இருக்கும் மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வது. திசை வைத்துப் பேசும் கிராமத்தார் திசை மாறாமல் அடுக்கும் பக்கமும், நகரத்தார் இடம் வலம் மாறாமல் அடுக்கும் பக்கமும் சாய்ந்தார்கள்.

சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று டம்ளர், கரண்டி, உப்பு டப்பா மூன்றையும் கிழக்குச் சுவரோர மேசையில் வைத்தேன். டம்ளர் இடது கைப்பக்கம், அதாவது வடக்கே. திரும்பி நின்று எதிர் அலமாரியில் நான் அடுக்கியபோதும் டம்ளர் இடது கைக்கே வந்தது. அம்மா பார்த்துவிட்டு மூன்றையும் மாற்றி வைத்தார். "உப்பு தெக்கால இருந்துச்சுல்ல, கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

மொழிதான் இப்படி அடுக்க வைக்கிறது என்ற கருத்தை லீ, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் 2002இல் மறுத்தார்கள்: காரணம் மொழியல்ல, சுற்றுப்புறம்தான் என்று. எனக்கு அதிலும் கொஞ்சம் உண்மை படுகிறது. நானும் அம்மாவும் பேசுவது ஒரே தமிழ்தானே? இலக்கணம் மாறவில்லை, வாய்ப்பழக்கம்தான் மாறியது. ஆனால் நாள் முழுக்கத் திசை சொல்லியே பேச வேண்டும் என்றால், மனசு ஒரு மூலையில் அந்தக் கணக்கை விடாமல் வைத்திருந்துதான் ஆக வேண்டும். எனக்கு அந்த வேலை போய்விட்டது, கூடவே கணக்கும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மா போன் பண்ணினார், நார்த்தங்காய் ஊறுகாய் அடுப்புக்கு மேக்கால இருக்கிறதாம். இரண்டு பக்கமும் தேடி எடுத்துவிட்டேன்.