இருபத்திரண்டரை அங்குலம்

அமெரிக்காவில் எழுபதுகளில் டிரம் கோர் என்ற அணிவகுப்பு வாத்தியக் குழுக்களில் நடந்தவர்களுக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அன்று வாசித்ததில் பாதி மறந்திருக்கும். கால் எடுத்து வைத்த அடி மட்டும் மறக்காது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் கோட்டுக்குக் கோடு ஐந்து கஜம். அந்த ஐந்து கஜத்தை எட்டு அடியில் கடக்க வேண்டும். ஒரு அடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஒரு கோடை முழுக்க, நாளுக்குப் பத்து மணி நேரம் அதையே நடந்தால் கணக்கு தலையை விட்டு இறங்கித் தொடையில் போய் உட்கார்ந்துவிடும்.

பெயரிலேயே டிரம் இருப்பதால் இதைக் கை வேலை என்று எண்ணத் தோன்றும். என்னைக் கேட்டால் இது முதலும் முடிவும் கால் வேலை. கை, உதடு, கொடி எல்லாம் காலின் மேல் ஏறி நிற்பவை. அந்தக் காலத்தை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் சீருடை, பஸ் பயணம், பள்ளி ஜிம் தரையில் படுத்துத் தூங்கிய இரவுகள் என்று தொடங்குவார்கள். நான் காலிலிருந்து தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்கு முன்கதை கொஞ்சம். அன்றைய டிரம் கோரில் பித்தளை ஊதுவாத்தியம், டிரம் முதலான தாளவாத்தியம், கொடி பிடிக்கும் கலர் கார்டு, இவ்வளவுதான். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் கிடையாது. படையிலிருந்து திரும்பியவர்களின் சங்கங்களான அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்றவையும், தேவாலயங்களும், சாரணர் படைகளும் தத்தம் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவை இவை. 1971இல் கோர்களே ஒன்றுகூடி டிரம் கோர் இன்டர்நேஷனலைத் தொடங்கின. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. ஜெயித்தது அனஹைம் கிங்ஸ்மென். ஒரு கோரில் 128 பேருக்கு மேல் கூடாது என்பது நெடுங்காலம் இருந்த விதி. வயது வரம்பைத் தொட்டதும் இறங்கிவிட வேண்டும். அதற்கு அங்கே 'ஏஜ் அவுட்' என்று பெயர்.

இனி அடிக்கு வருவோம். ராணுவ நடையில் ஒரு அடி முப்பது அங்குலம், அதாவது ஐந்து கஜத்துக்கு ஆறு அடி. எட்டு வைத்தால் என்ன லாபம்? இசை எட்டு எட்டாக ஓடுகிறது. எட்டாவது எண்ணிக்கையில் பாதம் சரியாக ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் விழுந்தால், நடக்கிறவருக்கே தன் தப்பு தெரிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். முதல் அடி குட்டை. நின்ற இடத்திலிருந்து உடம்பு கிளம்பவே தயங்கும். அதைச் சரிக்கட்ட ஏழாவது, எட்டாவது அடியை நீட்டுவார்கள். கோட்டைத் தொட்டுவிடுவார்கள்தான், ஆனால் நடுவில் வரிசை பாம்பாக நெளிந்திருக்கும். எனவே பயிற்சியில் முதல் அடியை மட்டும் தனியே எடுத்து, ஐம்பது தடவை கிளம்பி நிற்கச் சொல்வார்கள்.

முன்னால் போகும்போது குதிகாலை ஊன்றி, பெருவிரலைத் தூக்கிவைத்து, பாதத்தை உருட்ட வேண்டும். பொத்தென்று வைத்தால் அதிர்ச்சி இடுப்பு வழியாக ஏறி உதட்டுக்குப் போகும். ஊதுகிறவரின் நீண்ட சுரத்தில் அடிக்கு ஒரு நடுக்கம் கேட்கும். பின்னால் போகும்போது குதிகால் தரையைத் தொடவே கூடாது. முன்பாதத்திலேயே போக வேண்டும். கெண்டைக்கால் தசை முதல் வாரம் முழுக்கக் கெஞ்சும். டிரம் சுமப்பவர்களுக்குப் பக்கவாட்டில் போகும் நண்டு நடை இன்னொன்று. தோள் பார்வையாளர்களை நோக்கியே இருக்க, கால் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கும். இடுப்பு திரும்பினால் டிரம்மும் திரும்பும், சத்தமும் திரும்பும்.

கோடு சுழலும்போதுதான் அசல் சோதனை. எட்டுப் பேர், ஆளுக்கு ஆள் இரண்டு அடிவைப்பு இடைவெளி, அதாவது 45 அங்குலம். ஒரு முனையை அச்சாக வைத்து 16 எண்ணிக்கையில் கால் வட்டம் திரும்ப வேண்டும். அச்சில் நிற்பவர் இடத்திலேயே காலை மாற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு அடுத்தவருக்கு ஒரு அடி நாலரை அங்குலம்கூட வராது. கடைசி ஆளுக்கு ஏறக்குறைய 31 அங்குலம். எட்டுப் பேருக்கும் எட்டு அளவு, தாளம் மட்டும் ஒன்று. கடைசி ஆள் வட்டத்தில் போகாமல் குறுக்கே வெட்டினால் இடைவெளி நசுங்கி, கோடு வில்லாகிவிடும். வயோமிங் மாநிலத்து காஸ்பரிலிருந்து வரும் ட்ரூப்பர்ஸ் கோரின் சூரியக்கதிர் அமைப்பைப் பார்க்கிறவர்கள் அதன் அழகைப் பார்ப்பார்கள். நான் வெளி முனையில் நடக்கிறவரின் காலைத்தான் பார்ப்பேன்.

டிரம் வரிசையும் காலில்தான் கற்கும். அரைவட்டமாக நின்று வாசிக்கும்போதும் கால் இடத்திலேயே இடது வலது போட்டுக்கொண்டிருக்கும். தினமும் முதலில் வருவது 'எய்ட் ஆன் எ ஹேண்ட்' என்ற பயிற்சி. வலது கையில் எட்டு அடி, இடது கையில் எட்டு அடி, நிறுத்தாமல் மாற்றி மாற்றி. குச்சி ஒன்பது அங்குலம் எழ வேண்டும், மணிக்கட்டு மட்டும் வேலை செய்ய வேண்டும். கேட்க எளிது. எட்டாவது அடியில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். அந்த அடியோடு வலது கையை நிறுத்த வேண்டுமே என்று விரல்கள் குச்சியை இறுக்கும். இறுக்கியதும் அந்த ஒரு அடி மட்டும் உரத்துக் கேட்கும், இடது கை ஒரு இம்மி முந்திக் கிளம்பும். ஸ்னேர் என்கிற சின்ன டிரம் பத்தும் இப்படி ஆளுக்கொரு இம்மி முந்தினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல இருக்கும். மருந்து, விரலைத் தளர்த்திக் குச்சியை அதன் போக்கில் கீழே விழவிடுவது. கை ஓடுகிறதா என்று பார்க்க, சொல்லித்தருகிறவர் நடுவில் கையை நிறுத்தச் சொல்லிக் காலை மட்டும் கேட்பார். கையோடு காலும் தடுமாறினால், அதுவரை கால் கையின் பின்னால் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அது தலைகீழ்ப் பழக்கம்.

ஸ்னேர்காரர்களின் இடது கை குச்சியை உள்ளங்கை மேல்நோக்கிப் பிடிக்கும் முறைக்கும் கால்தான் காரணம். பழைய நாளில் டிரம் தோள்வாரில் தொங்கி இடது தொடையில் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த முகத்தை அடிக்க இடது கை அப்படித் திரும்பினால்தான் எட்டும். பிறகு தோளில் மாட்டும் கேரியர் வந்து டிரம் மட்டமானது. பிடி மட்டும் நிறைய வரிசைகளில் அப்படியே இருந்துவிட்டது. அது தேவையில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. வரிசையாக நிற்கும் இடது கைகள் ஒரே கோணத்தில் புரள்வதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வாதத்தில் மனசு போகவில்லை.

அந்நாளில் டிம்பனி என்ற அண்டா வடிவ டிரம்மையும் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். ஒருவருக்கு ஒரு அண்டா, ஒரு அண்டாவுக்கு ஒரு சுரம். நாலைந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு வரி முழுமையாகும். ஒருவர் அரை எண்ணிக்கை தவறினால் வரியில் ஓட்டை விழும். எண்பதுகளின் தொடக்கத்தில் அவை மைதான முகப்பில் தரையில் இறங்கின, 'பிட்' என்ற பகுதி பிறந்தது. இசைக்கு அது நல்லது, மறுக்க மாட்டேன். ஐந்து பேர் ஒரே வாத்தியமாகி நடந்த காட்சி அதோடு போயிற்று. பாஸ் டிரம் வரிசையில் அந்த வித்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஐந்து அளவு டிரம், ஐந்து ஆள். ஒரே ஓட்டத்தின் அடிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து அடிப்பார்கள். தன் அடி எங்கே விழ வேண்டும் என்பதற்கு அவர்களுக்குக் காலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

அன்று ஊதிய பித்தளை வாத்தியமான பியூகிள் ஜி சுருதி. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பிஸ்டன், ஒரு ரோட்டரி, அவ்வளவுதான் வால்வு. 1977இல் செங்குத்தாக இரண்டு வால்வு வந்தது, 1990இல் மூன்று, 2000இலிருந்து எந்தச் சுருதியும் ஆகலாம் என்றானது. வால்வு குறைந்த பியூகிளில் சில சுரங்கள் கிடைக்கவே கிடைக்காது. இசை எழுதுகிறவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதி மேலே ஏறும், ராத்திரி குளிர்ந்தால் இறங்கும். பகலில் சேர்த்த சுருதியை நம்பி இரவில் களத்தில் இறங்கக் கூடாது.

இத்தனை பேர் வாசிப்பதும் ஒரே கணத்தில் கேட்க வேண்டும் என்பதில் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். ஐம்பது கஜத்துக்கு அப்பால் இருக்கிறவரின் சத்தம் வந்து சேர 0.13 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 160 வேகத்தில் ஒரு எண்ணிக்கையே 0.375 வினாடிதான். மூன்றில் ஒரு பங்கு பிந்திவிடுகிறது. தூரத்தில் பக்கவாட்டில் கேட்பதோடு சேர்ந்து வாசித்தால் பார்வையாளருக்கு இரண்டு கோர் வாசிப்பது போல இருக்கும். அதனால் முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வருவதைக் கேட்டு வாசிக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல், முன்னால் நின்று தாளம் காட்டுகிற டிரம் மேஜரின் கையைப் பார்க்க வேண்டும். சரி, டிரம் மேஜர் யாரைப் பார்ப்பார்? ஸ்னேர் வரிசையின் நடுவில் நிற்பவரின் காலை. மைதானம் முழுவதன் தாளமும் அந்த இரண்டு பாதங்களில் நிற்கிறது.

அக்காலத்து நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக வரிசைகளுக்குள்ளேயே நடந்து வருவார்கள். வாசிப்பிலும் நடையிலும் ஒரு பிசகுக்கு ஒரு 'டிக்', அதாவது 0.1 மதிப்பெண் போச்சு. முழு மதிப்பெண்ணில் தொடங்கிக் கீழே இறங்குவதுதான் முறை. குச்சி உயரம் மாறினால் டிக், கால் மாறினால் டிக், இடைவெளி பிசகினால் டிக். காதருகே பென்சில் உரசுகிற ஒருவர் நின்றுகொண்டிருக்க, பதினெட்டு வயதுப் பிள்ளை தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும். இதனால் வரிசைகள் கத்தி போலச் சுத்தமாயின. இதே காரணத்தால் கடினமானதை எழுதத் தயங்கினார்கள். நேர்கோடு, இடமும் வலமும் ஒத்த வடிவம் என்றே பெரும்பாலும் போனது. 1983இல் கார்பீல்டு கேடட்ஸ் ஜார்ஜ் ஜிங்காலி வரைந்த வளைவுகளும் இடமும் வலமும் ஒத்திராத வடிவங்களுமாக வந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் பட்டத்தை ஜெயித்தது. கிழக்குக் கரையிலிருந்து இந்தப் பட்டத்தைப் பிடித்த முதல் கோர் அதுதான். 1984இல் டிக் முறை ஒழிந்தது. ஒழிந்தது சரிதான். ஆனால் அந்தப் பென்சிலுக்கு முன் நடந்த தலைமுறையின் கால் சுத்தம் தனி, அதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றைய பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் இடத்தைப் புள்ளி என்கிறார்கள். நாற்பதாம் கோட்டுக்கு வெளியே மூன்று அடிவைப்பு, முன் ஹாஷுக்கு (மைதானத்தின் நீளவாக்கில் ஓடும் குறி வரிசை) பின்னால் பன்னிரண்டு அடிவைப்பு என்று சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இதில் ஒரு பொறி உண்டு. பள்ளி மைதானத்தில் ஹாஷ் குறி ஓரக்கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலம், நம் கணக்கில் இருபத்தெட்டரை அடி வைப்பு. கல்லூரி மைதானத்தில் 60 அடி, அதாவது 32 வைப்பு. பகலில் பள்ளியில் பழகி இரவில் கல்லூரி அரங்கில் ஹாஷைப் பார்த்து நின்றால் மூன்றரை வைப்பு பின்னால் நிற்போம். தரையில் என்ன குறி இருந்தாலும் ஓரக்கோட்டிலிருந்து தன் அடியை எண்ணத் தெரிந்தவருக்கு இந்தச் சிக்கல் வராது.

செய்து பார்க்க ஆசை இருந்தால் மொட்டை மாடி போதும். சாக்பீஸால் ஐந்து கஜம், அதாவது அளவுகோல் கணக்கில் 15 அடி தள்ளி இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டில் குதிகால்களைச் சேர்த்து, இடது காலில் கிளம்பி, நிமிடத்துக்கு 120 வேகத்தில் எட்டு எண்ணுங்கள். கண் நேரே பார்க்க வேண்டும், தரையைப் பார்க்கக் கூடாது. எட்டில் வலது பாதத்தின் நடு வளைவு இரண்டாம் கோட்டின் மேல் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால் கடைசி இரண்டடியை நீட்டியிருக்கிறீர்கள். திரும்பிப் போய் முதல் அடியைப் பெரிதாக வையுங்கள்.