வீதியில் நிற்கும் சிங்கம்

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் அப்படியொன்றும் தூரமில்லை. பெர்ரி ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயில், இறங்கினால் ஒரு கிராப் வாடகைக் கார். ஆனாலும் அத்தையைப் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியே நான்கு வருடம் ஓட்டிவிட்டேன். ஜூலை 26 திருவிழா என்றால் கூட்டம். கூட்டம் இல்லாத நாளில் மழை. மழையும் இல்லையென்றால் ஓவர்டைம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்து மணிக்கே அத்தை சேலை கட்டி, பிளாஸ்கில் தே ஊற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்ன செய்வது, கிளம்பினேன்.

பெர்ரியில் கைப்பேசியைத் திறந்து பைபிளின் நீதிமொழிகள் படித்தேன். எறும்பிடம் போய்க் கற்றுக்கொள் என்கிற ஆறாம் அதிகாரம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு உறைப்பது 26-ஆம் அதிகாரம். அங்கே வரும் சோம்பேறி சும்மா தூங்குகிறவன் இல்லை, நன்றாகப் பேசுகிறவன். வீதியில் சிங்கம் நிற்கிறது, எப்படி வெளியே போவது என்று கேட்கிறான். கீலில் ஆடும் கதவுபோலப் படுக்கையில் புரளுகிறான். கதவும் நாள் முழுக்க அசைகிறதுதான், ஒரு அடி நகர்ந்ததுண்டா? தட்டில் கையை வைத்தவனுக்கு அதை வாய்க்குக் கொண்டுபோக அலுப்பு. இவ்வளவுக்கும் பிறகு, சரியாகப் பதில் சொல்லத் தெரிந்த ஏழு பேரைவிடத் தானே புத்திசாலி என்ற நினைப்பு வேறு! கூட்டம், மழை, ஓவர்டைம். என் சிங்கங்கள் மூன்றுக்கும் பெயர் இருந்தது.

புக்கிட் மெர்தாஜாமில் முதல் சிற்றாலயம் 1846-இல் எழுந்தது. இப்போதைய பெரிய ஆலயம் 2002-இல் கட்டியது, கூரை சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீட்டுக் கூரைபோல இருபுறமும் கூர்ந்து நிற்கிறது. 2019-இல், திருத்தந்தை அளிக்கும் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதியும் கிடைத்தது. வளாகத்திலேயே பல்லவ எழுத்து பொறித்த பழங்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பும் தமிழர்களே அதிகம், நானும் அன்று அவசரமாகத்தான் பார்த்தேன்.

காரணம் அத்தை. செபம் முடிந்ததும் ஆளைக் காணோம். மெழுகுவத்தி ஏற்றும் இடத்தில், தட்டில் உறைந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பழைய கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். எழுபத்து மூன்று வயது.

"சூட்டோட இழுத்தா பிஞ்சு பிஞ்சு வரும் தம்பி. ஆறட்டும். மங்குல ஒட்டுப்பால் எடுக்கிற மாதிரிதான்."

கத்தி முனையை ஓரத்தில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார். மெழுகு வட்டமாக, முழுசாகக் கழன்று வந்தது. ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த கை.

அத்தையைச் சோம்பேறி என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார்; பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலியும் கிடையாது. வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று பைபிளில் திருத்தூதர் பவுல் சொன்னதாக ஏழைகளைப் பார்த்து ஓதுகிறவர்கள் தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை மறுபடி படிக்கட்டும். வேலை செய்ய மனமில்லாதவன் என்றுதான் அங்கே இருக்கிறது. வேலை கிடைக்காதவன் என்று இல்லை. அடுத்த வரியிலேயே, வேலையை விட்டுப் பிறர் காரியத்தில் மூக்கை நுழைத்துத் திரிகிறவர்களைச் சாடுகிறார். எழுதியவரும் கூடாரம் தைத்துப் பிழைத்த ஆள்.

"ரயிலுக்கு நேரமாச்சு அத்தே."

அத்தை நிமிரவில்லை. கத்தியின் பிடிப்பக்கத்தை என் பக்கம் நீட்டி, அடுத்த தட்டைக் காட்டினார்.