எதிர்வசனம் படிக்க ஓர் ஆள்

சினிமா நகரத்துக்குப் புதிதாக வந்து இறங்குபவர்களின் கண் பெரும்பாலும் நட்சத்திரங்கள் மேல்தான் இருக்கும். நாம் பழக வேண்டியவர்கள் வேறு. இந்த மாதம் ஒரு விளம்பரம், அடுத்த மாதம் தொடரில் நாலு காட்சி, நடுவில் டப்பிங் என்று நடிப்பிலேயே பிழைப்பு ஓட்டுகிறவர்கள். முகம் பார்த்த முகமாக இருக்கும், பெயர் நினைவுக்கு வராது. எங்கே ஆடிஷன் நடக்கிறது, எந்த வகுப்பில் உண்மையாகவே சொல்லித் தருகிறார்கள் என்று நேற்றைய தகவல் வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவர்களை எங்கே பிடிப்பது? விருந்துகளில் எல்லாரும் வாய்ப்புத் தேடித்தான் நிற்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒத்தாசையாக இருப்பதே நல்ல வழி. அதிலும் சிறந்தது, செல்ஃப் டேப்புக்கு, அதாவது நடிகர் தானே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோவுக்கு, எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பது.

இப்போது முதல் சுற்று ஆடிஷன்கள் பலவும் வீட்டிலிருந்து அனுப்பும் வீடியோதான். இன்று மாலை வசனம் வந்தால் நாளை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும் என்பது சகஜம். அந்த நேரத்தில் எதிரே நின்று படிக்க ஆள் கிடைக்காமல் அனுபவசாலிகளே தவிக்கிறார்கள். அழைத்த அரைமணியில் போய் நிற்பவரை அவர்கள் மறப்பதில்லை.

படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கேமரா நடிகரின் கண்மட்டத்தில் இருக்கும். படிப்பவர் லென்ஸை ஒட்டி, அதே உயரத்தில் நிற்க வேண்டும். அதிகம் விலகினால் நடிகரின் பார்வை பக்கவாட்டில் போய், முகம் முழுதாகத் தெரியாது. மைக்குக்கு நாம்தான் அருகில் இருக்கிறோம், அதனால் குரலைத் தாழ்த்த வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் நடிகரின் குரல் அமுங்கி, நம் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். வசனத்தை முன்கூட்டியே இரண்டு மூன்று முறை படித்துக்கொண்டால் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியும். நடிகருக்கு அந்தக் கண்கள் வேண்டும். நம் திறமையைக் காட்டுகிற இடம் இது அல்ல. உணர்ச்சியை அளவாக வைத்து, அவர் பேசி முடித்ததும் தாமதிக்காமல் எடுத்துக்கொடுத்தால் போதும். கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. அந்தத் தாளைப் படம் பிடிப்பதோ, கதையை வெளியே சொல்வதோ அறவே கூடாது. விஷயம் கசிந்தால் அவருடைய வாய்ப்பே போய்விடும்.

நடிப்பு வகுப்புகளிலும் வேலையில் உள்ளவர்களைச் சந்திக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்டு மைஸ்னர் வகுத்த பயிற்சியில் இரண்டு பேர் நேருக்கு நேர் இருந்து ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். எதிராளி மாறுவதற்கேற்ப நாமும் மாற வேண்டும். இப்படி ஜோடியாகச் செய்யும் பயிற்சிகளில், பத்து நாள் பேசிப் பழகினாலும் வராத நெருக்கம் வந்துவிடும்.

நாடக நடிகர்களோடு பழக நல்ல நேரம், கடைசி நாள் நாடகம் முடிந்து அரங்க அமைப்பைப் பிரிக்கிற இரவு. அன்று கூடுதலாக ஒரு ஜோடிக் கைகள் வந்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை.

படப்பிடிப்பில் துணை நடிகராக நிற்கும்போது கவனம் தேவை. அடுத்த ஷாட்டுக்கு முன் உதடு அசைய வசனம் சொல்லிப் பார்ப்பவரிடமும், காதில் இயர்போனோடு ஒதுங்கி இருப்பவரிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சாப்பாட்டு இடைவேளை வரட்டும், இல்லை அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்-அப் ஆகட்டும். அப்போதும் “யாரிடமாவது சொல்லிவிடுங்கள்” என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். “ஒரே அழுகையை ஏழு டேக்கிலும் எப்படிக் காப்பாற்றினீர்கள்?” என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

பணம் கொடுத்தால் இன்னாரிடம் அறிமுகம் செய்து வைக்கிறேன் என்பவரிடம் மட்டும் நெருங்காதீர்கள். ஒழுங்கான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு, அந்தச் சம்பளத்திலிருந்துதான் பங்கு எடுப்பார்.

சந்தித்த மறுநாள் இரண்டு வரியில் செய்தி அனுப்புங்கள்: எங்கே பார்த்தோம், எந்தக் கிழமைகளில் எதிர்வசனம் படிக்க வர முடியும். அதில் உங்கள் புகைப்படத் தொகுப்பை இணைக்க வேண்டாம். அவர் கேட்கும்போது அனுப்பலாம்.