சிவப்புச் சட்டை

போன செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, ரொறன்ரோவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க நடந்த டெரி ஃபொக்ஸ் ஓட்டத்தில் நானும் ஐந்து கிலோமீற்றர் போனேன். ஓட்டம் என்று பெயர்தான், நான் நடந்தேன். இதில் போட்டியும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை, சக்கர நாற்காலியிலும் வரலாம், முடிந்த காசைச் சேர்த்துக் கொடுத்தால் சரி.

கீமோ முடிந்து பத்து மாதம். விரல் நுனிகளில் இன்னும் விறைப்பு, அதனால் சப்பாத்து நாடாவைச் சின்னவன்தான் கட்டிவிட்டான், அதுவும் இறுக்கமாக. மூத்தவள் சொந்தக்காரருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி 640 டொலர் சேர்த்திருந்தாள். (எப்போதும் கணக்குப் பார்க்கிற என் மச்சான்தான் கூடக் கொடுத்தது!)

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்குச் சிவப்புச் சட்டை. அதைப் போட எனக்குக் கூச்சம், ஊரில் இந்த நோயின் பெயரையே சத்தமாகச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

மூன்றாவது கிலோமீற்றரில் மூச்சு வாங்கியது, வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். சின்னவன் பள்ளிக்கூடத்தில் படித்ததை எடுத்துவிட்டான்: இந்த ஓட்டத்துக்குப் பெயர் தந்த டெரி, புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980இல் ஒற்றைச் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினவராம், நோய் நுரையீரலுக்குப் பரவினதால்தான் தண்டர் பே பக்கத்தில் நிறுத்தினவராம். "அவருக்கு 22 வயசு, எனக்கு 47" என்றேன். "சரி அம்மா, அஞ்சு நிமிஷம்" என்று மணிக்கூட்டைப் பார்த்தான்.

இவர் பேசாமல் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி போட மறந்துவிட்டார்.