எயோதியாளும் சிந்திகேயாளும் எங்கள் வார்டில்

ஒரு மிஷன் மருத்துவமனையில் 24 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினேன். காலைப் பணி தொடங்குமுன் சிற்றாலயத்தில் கூடி ஒரு வேதபகுதியை வாசித்து ஜெபித்துவிட்டு வார்டுக்குப் போவது அங்கே வழக்கம். வேதாகமத்தில், பிலிப்பி என்ற ஊரின் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை அப்படி எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறேன். 'ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்' என்ற வசனம் எனக்கு மனப்பாடம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் நைட் டூட்டியைப் பற்றி முறையிட்டால், அந்த வசனத்தைச் சொல்லி அவர்களை அடக்கியும் இருக்கிறேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

என்னோடு ஒரே ஆண்டில் வேலையில் சேர்ந்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். டயாலிசிஸ் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தபோது, எனக்குக் கிடைக்கும் என்று உறுதியாக நம்பியிருந்த அந்த வாய்ப்பு அவருக்குப் போயிற்று. நான் சண்டை போடவில்லை. வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறு எதையும் அவரிடம் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு தேவையானதையும் குறைத்துக்கொண்டேன். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் நின்று நோயாளியைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பதுதான் முறை. நானோ, அவர் வந்தால் ரிப்போர்ட் புக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் மாலை, 11ஆம் படுக்கையிலிருந்த முதியவருக்கு 7 மணிக்கு 30/70 வகை இன்சுலின் போட்டேன். அதன்பின் அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். இன்சுலின் உடலுக்குள் போன பிறகு உணவு போகாவிட்டால் இரவில் சர்க்கரை இறங்கும் என்பது பயிற்சி மாணவிக்கும் தெரியும். 'உணவு சரியாக உட்கொள்ளவில்லை' என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதினேன். 8 மணிக்கு டூட்டிக்கு வந்த அந்தச் சிஸ்டரிடம் வாய்திறந்து சொல்லவில்லை, டாக்டரையும் அழைக்கவில்லை. இரவு 2 மணிக்குச் சுற்றிவந்தபோது, முதியவர் வியர்த்து நனைந்து, கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். சர்க்கரை 46. உடனே டாக்டரை அழைத்து, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை நரம்பில் ஏற்றி, கண்விழிக்கும்வரை அருகிலேயே இருந்திருக்கிறார். விடிவதற்குள் முதியவர் தெளிந்துவிட்டார்.

மறுநாள் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்துக் கேட்டபோது, "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தகவல் விட்டுப்போச்சு, டாக்டர்" என்று அவர் சொன்னார். விட்டது நான் மட்டுமே. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த வாரம் காலை ஜெபத்தில் தியானம் சொல்லும் முறை என்னுடையது. குறித்துக் கொடுக்கப்பட்டிருந்த பகுதி பிலிப்பியர் 2. தமிழ் வேதாகமத்தில் 'வாது' என்று வரும் இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல் 'எரிதேயா' என்று ஒரு விளக்கவுரையில் படித்தேன். கூலிக்கு உழைப்பவரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, பதவிக்காக ஆள் சேர்ப்பதைக் குறிக்க அரிஸ்டாட்டில் காலத்திலேயே வழங்கிய சொல் அது. கி.மு. 42இல் நடந்த போருக்குப் பின் ரோமப் போர்வீரர்கள் குடியேற்றப்பட்ட பிலிப்பி, வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாகக் கல்லில் பொறித்துவைக்கும் வழக்கமுள்ள ஊர். அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் சிறையிலிருந்து, தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டு நிருபத்தைத் தொடங்குகிறார். அவர் காட்டும் மாதிரி, தேவனுடைய ரூபமாயிருந்தும் 'தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்த' கிறிஸ்து. இறங்கி வருகிறவர் மேலே இருந்தவர். அப்படியிருக்க, இந்தப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே நிற்பவரைப் பார்த்து 'நீ தாழ்மையாயிரு' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த இளம்பெண்களிடம் நான் செய்தது அதைத்தான்.

'வாது' என்ற சொல் வரும் வசனத்துக்கு அடுத்த வசனத்தில், 'பிறருக்கானவைகளையும் நோக்குவானாக' என்ற சொல் என்னை அங்கேயே நிறுத்தியது. தாழ்மை என்றால் என்னைப் பற்றி நானே குறைவாக நினைத்துக்கொள்வது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த நினைப்பிலும் நடுவில் இருப்பது நான்தான். பவுல் கேட்பது பார்வையைத் திருப்பச் சொல்லித்தான். அன்று மாலை 11ஆம் படுக்கையின் தட்டில் மிஞ்சிக் கிடந்த சோற்றை என் கண் பார்த்தது, ஆனால் நான் நோக்கவில்லை. என் நோக்கமெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போன பயிற்சியின்மேல் இருந்தது.

அதே நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். இருவரும் சுவிசேஷப் பணியில் பவுலோடு பாடுபட்டவர்கள். அவர்களுக்குள் என்ன மனஸ்தாபம், யார்மேல் தவறு என்று அவர் எழுதவில்லை. ஒரே சிந்தையாயிருக்கும்படி 'எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்' என்று வினைச்சொல்லை இரண்டுமுறை எழுதி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுகிறார். தியானத்தில் இதை வாசிக்கும்போது அந்தச் சிஸ்டர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை நான் எல்லார் முன்பாகவும் சொன்னேன். டாக்டரிடம் அவர் சொன்ன வாக்கியத்தையும், அதில் அவருக்குப் பங்கே இல்லை என்பதையும் சொன்னேன். என் குரல் தடுமாறியபோது, அவர் எழுந்து முன்னால் வந்து, மீதி இருந்த வசனங்களைத் தானே வாசித்து முடித்தார்.

அன்று இரவு 8 மணிக்கு அவர் டூட்டிக்கு வந்தார். நான் ரிப்போர்ட் புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க சிஸ்டர், ஒண்ணாம் பெட்ல இருந்து பார்த்துடலாம்" என்றேன். 30 படுக்கைகளையும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. 11ஆம் படுக்கையருகே வந்தபோது, அன்றிரவு எவ்வளவு சாப்பிட்டார் என்பதை நான் சொல்லுமுன் முதியவரே முந்திக்கொண்டு, "மூணு இட்லி" என்றார்.