ரெட் ஹாட் சிடிக்களும் ஒரு கேசட்டும்: இதுவரை ஆன வேலை

தொண்ணூறுகளில் வந்த ரெட் ஹாட் தொகுப்பு ஆல்பங்களை ஒன்றுவிடாமல் சேர்த்து, சுத்தமாக ரிப் செய்து (அதாவது சிடியில் இருப்பதைக் கணினிக் கோப்புகளாக மாற்றி), வெளிவந்த வரிசையிலேயே கணினியில் வைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டுப் போகலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அதையும் பார்த்தேன். பல பேர் பாடிய தொகுப்பில் ஒவ்வொரு பாட்டின் உரிமையும் ஒவ்வொரு கம்பெனியிடம் இருக்கும். அதனால் நான் தேடிய அன்றைக்குச் சில பாடல்கள் சாம்பல் நிறத்தில், அழுத்தினாலும் ஓடாமல் கிடந்தன. சில பாடல்கள் பாடகரின் வேறு ஏதோ ஆல்பத்துக்குள் இருந்தன. தொகுப்பு ஆல்பம் என்றால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதுதான் எனக்கு முக்கியம். தொகுத்தவரின் கைவேலை அங்கேதான் தெரியும். வரிசை உடைந்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் பாட்டுக் குவியல். ஆகவே பழைய சிடிக்கே போய்விட்டேன்.

ரெட் ஹாட் ஆல்பங்களைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. எய்ட்ஸ் நியூயார்க்கின் கலைஞர்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்த 1989-இல் ஜான் கார்லின், லீ பிளேக் இருவரும் தொடங்கிய அமைப்பு ரெட் ஹாட். ஆல்பம் போட்டுப் பணம் திரட்டுவது, அதோடு சேர்த்து நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது, இரண்டும்தான் திட்டம். எச்ஐவிக்கான ஏஇசட்டி மருந்துக்கு அமெரிக்காவில் 1987-இல்தான் அனுமதி கிடைத்திருந்தது. நோயாளிகள் நீண்ட நாள் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்த கூட்டு மருந்து முறை வருவதற்கு 1996 ஆகிவிட்டது. நடுவில் இருந்த அந்த வருடங்களில்தான் இந்த வரிசையின் முக்கியமான ஆல்பங்கள் வந்தன. (இந்தியாவில் எச்ஐவி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. அதே காலம்தான்.)

முதல் ஆல்பம் 1990-இல் வந்த ‘ரெட் ஹாட் + ப்ளூ’. முழுக்க கோல் போர்ட்டர் எழுதிய பழைய பாடல்கள். பெயரே 1936-இல் அவர் போட்ட இசை நாடகத்திலிருந்து எடுத்ததுதான். பாடியவர்கள் யூ2, ஷினேட் ஓ’கானர், டாம் வெயிட்ஸ், நெனே செர்ரி, கே.டி.லாங் என்று ஒரு பட்டாளம். வீடியோக்களை எடுக்க சினிமா இயக்குநர்களே வந்தார்கள்: யூ2-வுக்கு விம் வெண்டர்ஸ், டாம் வெயிட்ஸுக்கு ஜிம் ஜார்முஷ். ஆனி லெனாக்ஸின் வீடியோவை டெரெக் ஜார்மன் இயக்குவதாக இருந்தது. அவருக்கே எச்ஐவி; உடல் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ஜார்மனின் சிறுவயது வீட்டுப் படச்சுருளை லெனாக்ஸின் முகத்தின் மேலும் பின்னால் திரையிலும் ஓடவிட்டு எடுத்து முடித்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்க என்னால் முடிவதில்லை.

இந்த சிடி ஏகப்பட்ட பிரதிகள் விற்றது என்பதால் பழைய சிடிக் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். எனக்கு வந்த பிரதியில் கீறல் அதிகம். ரிப் செய்ய நான் பயன்படுத்துவது எக்ஸாக்ட் ஆடியோ காபி என்ற மென்பொருள். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். முடிவில் அதே சிடியை உலகத்தில் வேறு யாராவது ரிப் செய்திருந்தால் அவர்களுடைய சரிபார்ப்பு எண்ணோடும் பொருத்திப் பார்க்கும். எண் பொருந்திவிட்டால் நிம்மதி.

கீறல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சிடியில் தரவைக் கலைத்துப் பரப்பி, பிழை திருத்தும் குறியீடுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். தடத்தின் போக்கில் சுமார் 2.4 மில்லிமீட்டர் வரை போனாலும் விடுபட்டதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. அதனால்தான் துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்க வேண்டும். அதைவிட மோசம் அச்சடித்த பக்கத்தில் விழும் கீறல். பளபளக்கும் உலோகப் பூச்சு அந்தப் பக்கம்தான், மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. அது உரிந்தால் போனது போனதுதான். வாங்கும்போது எல்லாரும் பளபளப்பான பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் அச்சடித்த பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசித்துளி ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

அப்புறம் 1993. ‘நோ ஆல்டர்நேட்டிவ்’. இந்த வேலையை நான் ஆரம்பித்ததே இந்த ஒரு ஆல்பத்துக்காகத்தான்.

மற்ற ரெட் ஹாட் ஆல்பங்களில் பெரும்பாலும் ஒரு கருப்பொருள் இருக்கும்: ஒரு இசையமைப்பாளர், ஒரு ஊர், ஒரு வகை இசை. இதில் பால் ஹெக், கிறிஸ் மண்டி இருவரும் அன்றைய ஆல்டர்நேட்டிவ் ராக் ஆட்களிடம் போய், உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள் என்று வாங்கிவந்தது போலத் தெரிகிறது. மிச்சமீதிதானே தருவார்கள் என்று நினைப்போம். அப்படி இல்லை. மேத்யூ ஸ்வீட் ஆரம்பித்து வைக்கிறார். பேவ்மென்ட் ஆர்.ஈ.எம். குழுவைப் பற்றியே ஒரு பாட்டு கட்டியிருக்கிறார்கள், பாதி பக்தி, பாதி நக்கல். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் பாட்டு அவர்களுடைய அப்போதைய ஆல்பத்தில் இருந்திருந்தாலும் தலைநிமிர்ந்து நின்றிருக்கும். சோல் அசைலம் மார்வின் கேயின் பாட்டை எடுத்துப் பாடியது எனக்கு ஒட்டவில்லை. அதற்கு மாறாக அங்கிள் டூப்பலோ க்ரீடன்ஸ் குழுவின் பாட்டை எடுத்து மெதுவாக, கனமாக இழுத்துப் பாடியிருப்பது அபாரம். நியூசிலாந்திலிருந்து ஸ்ட்ரெயிட்ஜாக்கெட் ஃபிட்ஸ், வெர்லெய்ன்ஸ் என்று இரண்டு குழுக்கள் வேறு. அமெரிக்க ரேடியோவில் அவர்களை யார் போட்டிருப்பார்கள்? அட்டையிலும் ஒரு விளையாட்டு: சில பிரதிகளில் பையன் படம், சில பிரதிகளில் பெண் குழந்தை படம். என்னிடம் இருப்பது பெண் குழந்தை. பையனுக்காகக் காத்திருக்கிறேன்.

கடைசியில் பேட்டி ஸ்மித்தின் நேரலைப் பதிவு. அது முடிந்தபின் அட்டையில் பெயரே போடாத ஒரு பாட்டு வரும்: நிர்வானா. 1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியுடன் ‘இன் யூட்டரோ’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது எடுத்தது. டேக், அதாவது கோப்போடு சேர்க்கும் பெயர் விவரம், போடும்போது இதற்கு என்ன பெயர் வைப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலத்து ரசிகர்கள் ‘வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்’ என்பார்கள். ஆனால் அதே பெயரில் அவர்களுடைய ‘நெவர்மைண்ட்’ ஆல்பக் காலத்துப் பாட்டு ஒன்று தனியாக இருக்கிறது. 2004-இல் வந்த பெட்டித் தொகுப்பில் இதை ‘சாப்பி’ என்று போட்டார்கள். நான் ‘சாப்பி’ என்றே எழுதி, பழைய பெயரைக் குறிப்புப் பகுதியில் சேர்த்துவிட்டேன்.

ஒலி அளவுதான் இதில் பெரிய தலைவலி. பத்தொன்பது பேர் பத்தொன்பது இடத்தில் பதிவு செய்தது. பாட்டுக்குப் பாட்டு ஒலியைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் முறையைப் போட்டுக் கேட்டேன். பேட்டி ஸ்மித்தின் தணிந்த குரல் மேலே ஏறி, உரத்த ராக் குழுவான சவுண்ட்கார்டனோடு சரிசமமாக வந்து நின்றது. கேட்க விகாரமாக இருந்தது. ஆல்பம் மொத்தத்துக்கும் ஒரே அளவு என்று மாற்றினேன், ஏற்ற இறக்கம் திரும்பி வந்தது. தொகுப்பு ஆல்பம் என்றால் பாட்டுக்குப் பாட்டு முறைதான் சரி என்று பலர் சொல்வார்கள். கண்டபடி திரட்டிய ஹிட் பாடல்களுக்கு அது சரி. ஒருவர் உட்கார்ந்து கோத்ததற்கு ஆல்பம் முறைதான்.

இங்கேதான் கேசட் வந்து சேர்ந்தது. ‘நோ ஆல்டர்நேட்டிவ்’ கேசட்டில் சிடியில் இல்லாத பாடல்கள் உண்டு: ஜொனதன் ரிச்மன் ஒன்று, சோனிக் யூத் ஒன்று. அதை விட்டுவிட்டு ‘ஒன்றுவிடாமல்’ என்று எப்படிச் சொல்வது? ஒரு பிரதி கிடைத்தது. நாடா நன்றாக இருந்தது, ஆனால் நாடாவை ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் அந்தக் குட்டி கம்பளித் துண்டு விழுந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் மங்கி மங்கி வரும். திருகுள்ள கேசட்டாக இருந்தால் ஐந்து திருகு கழற்றி, மாற்றி, மூடிவிடலாம். இது திருகே இல்லாத, ஓரத்தை உருக்கி ஒட்டிய ஓடு. மெல்லிய பிளேடை ஓரத்துப் பிளவில் வைத்துச் சுற்றி வந்து, மூலைக்கு மூலை மெதுவாகத் திருகினேன். டக் டக்கென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே இருந்த இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு சேர்த்துத் தூக்கி, திருகுள்ள காலி ஓடு ஒன்றுக்குள் இறக்கினேன். நாடா ஓரத்து உருளைகளைச் சுற்றிச் சரியாகப் போகிறதா, பளபளப்புப் பக்கம் மாறவில்லையே என்று பார்த்துவிட்டு மூடினால் முடிந்தது. வியர்வைக் கையோடு நாடாவைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது டெக், அதாவது கேசட்டை ஓட்டும் கருவி. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். ரப்பர் உருளையை லேசாக மட்டும். பிறகு அசிமத், அதாவது ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பது. ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, பாட்டு ஓடும்போதே, மோனோவில் கேட்டுக்கொண்டு இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) சத்தம் எங்கே மிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த வசதி என்னவென்றால், கேசட்டின் மற்ற பாடல்கள் எல்லாம் சிடியிலும் இருக்கின்றன. எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் கையிலேயே இருக்கிறது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானைப் போட்டும் போடாமலும் கேட்டு, சிடிக்கு எது நெருக்கமோ அதை வைத்துக்கொண்டேன். டெக்கின் வேகத்தையும் அப்படித்தான் பிடித்தேன். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய டெக்குகள் அப்படி ஓடுவதில்லை. ஒரே பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு தடமாக அடுக்கி, முதல் டிரம் அடியிலிருந்து கடைசி டிரம் அடி வரை அளந்தேன். சிடியில் 240 விநாடி என்றால் கேசட்டில் 237.6 என்ற கணக்கில் வந்தது. டெக் 1 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதியில் இது அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தனியாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது, சிடிப் பாட்டுக்கு அடுத்து உடனே போட்டால் உறுத்தும். மொத்தப் பதிவையும் அந்த 1 சதவீதம் குறைத்துவிட்டு, அந்த இரண்டு பாடல்களை மட்டும் வெட்டியெடுத்தேன். நாடா இரைச்சலை நீக்கும் மென்பொருள் எதையும் தொடவில்லை. இரைச்சலோடு சேர்த்து சிம்பலின் காற்றும் போய்விடுகிறது. இரைச்சல் இருக்கட்டும்.

மற்ற ஆல்பங்கள் வேகமாக முடிந்தன. 1992-இன் ‘ரெட் ஹாட் + டான்ஸ்’ ஜார்ஜ் மைக்கேலின் மூன்று பாடல்களுக்காக மட்டும் போதும். 1994-இன் ‘ரெட் ஹாட் + கன்ட்ரி’ ஆல்பத்தை இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. அதே வருடம் வந்த ‘ஸ்டோலன் மொமென்ட்ஸ்: ரெட் ஹாட் + கூல்’ வேறு உயரம், ஜாஸ் பெரியவர்களையும் ஹிப்ஹாப் இளைஞர்களையும் ஒரே மைக்கின் முன் நிறுத்தியது. டைம் பத்திரிகை அதை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்றது. 1996-இல் வந்தவற்றில் மூன்று: மின்னிசைக்கு ‘ஆஃப்பீட்’, ஹிப்ஹாப்புக்கு ‘அமெரிக்கா இஸ் டையிங் ஸ்லோலி’ (முதலெழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள்), பிரேசிலுக்கு ‘ரெட் ஹாட் + ரியோ’. ஒரே வருடம் என்பதால் பிளேயர் இவற்றை அகர வரிசையில் அடுக்கிவிட்டது; வரிசை எண் ஒன்றைத் தனியாக டேக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. ரியோவில் பாதிப் பாடல்கள் ஜோடிப் பாடல்கள். ஸ்டிங்குடன் ஜோபிம், ஜார்ஜ் மைக்கேலுடன் அஸ்த்ருத் ஜில்பெர்த்தோ. இருவரையும் ஒரே பெயராக எழுதினால் தேடும்போது யாரும் கிடைக்க மாட்டார்கள். தனித்தனியாகப் பிரித்து எழுதினேன். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ரியோவைத் திரும்பத் திரும்பக் கேட்க அது ஒரு சாக்கு. 1998-இல் இசையமைப்பாளர் கெர்ஷ்வினுக்கு ஒன்று. லிஸ்பனுக்கும் ஒன்று உண்டு. கெர்ஷ்வின் ஆல்பத்தில் டேவிட் போவியும் ஆஞ்சலோ பாதலமென்டியும் சேர்ந்து செய்த லண்டன் மூடுபனிப் பாட்டு ஒன்றுக்காகவே அதை வாங்கலாம்.

பாக்கி இருப்பது: 1995-இன் ‘ரெட் ஹாட் + பாதர்ட்’, இண்டி ராக் குழுக்களின் காதல் கையேடு. அது 10 அங்குல இசைத்தட்டாகவும் வந்திருக்கிறது. எனக்கு அந்த வடிவம்தான் வேண்டும். அதற்கு முதலில் என் டர்ன்டேபிளின் ஊசியை மாற்ற வேண்டும். இந்த மாத பட்ஜெட்டில் ஊசி இல்லை. அதுவரை சிறுபுத்தகங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், ஆனால் அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிகின்றன. அதைப் போக்க நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லலாம்.