மேடையின் ஓரத்தில் இருந்து எழுதியவர்

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டுவதற்காக இலங்கைக்கு வந்து, கொழும்பு முதலாகப் பல ஊர்களிலும் பேசி, மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் சில நாள்கள் தங்கிச் சென்ற கதை எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகச் சொல்லப்பட்டு வந்தது. யார் மாலை போட்டார், யாருடைய மோட்டார் வண்டியில் ஏறினார், எந்தப் பெண்மணி காப்பைக் கழற்றி நிதிக்குக் கொடுத்தார் என்பவற்றில் பெரியவர்களிடையே தீராத வழக்குகள் இருந்தன. அவரை அழைத்தது ஹண்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் நடத்திய மாணவர் காங்கிரஸ் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் காந்தி என்ன பேசினார் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தவர் யார் என்ற கேள்வியை எங்கள் சரித்திர ஆசிரியர் ஒருவரே கேட்டார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் அவரை மாஸ்ரர் என்றே அழைத்தோம். அவர் எங்கள் கல்லூரி இலக்கிய மன்றத்தின் பொறுப்பாசிரியராகவும் இருந்தார். அறுபதுகளில், உயர்தர வகுப்பில் படித்த காலத்தில், நான் அம்மன்றத்தின் செயலாளராகத் தெரிவானபோது, கூட்ட அறிக்கை எழுதும் முறையை அவர் எனக்கு விளக்கியது, காந்தியின் செயலாளராக அப்பயணத்தில் கூட வந்து அவர் பேச்சுகளை எழுதி வைத்த மகாதேவ தேசாயை முன்வைத்துத்தான். மாஸ்ரர் பள்ளிச் சிறுவனாக யாழ்ப்பாணக் கூட்டமொன்றுக்குத் தகப்பனாருடன் போயிருந்தார். காந்தியைத் தெளிவாகப் பார்க்க முடியாதபடி முன்னே பெரியவர்கள் நின்றதால், மேடையின் ஓரத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, முழங்காலில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்த உயரமான மனிதர் ஒருவரையே அவர் கூட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். சபையினர் கைதட்டியபோதும் அந்த மனிதர் தலையை நிமிர்த்தவில்லை. கைதட்டல் அடங்குவதற்குள் விட்ட வரியை எழுதி முடித்துவிட வேண்டும் என்பதுபோல அவர் விரல்கள் விரைந்தன. “தம்பி, உம்முடைய அபிப்பிராயத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. பேசினவர் சொன்னதை எழுதும். அந்த மனிசன் இருபத்தைஞ்சு வருசம் அதைத்தான் செய்தவர்” என்பதே மாஸ்ரர் எனக்குச் சொன்ன விதி. பின்னாளில் கிழக்கு லண்டனில் உள்ளூராட்சிக் குழுக்களின் அறிக்கைகளை எழுதும் உத்தியோகத்திலேயே காலம் தள்ளியவன் என்ற வகையில், அந்த விதி எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. எனினும், அது மகாதேவரைப் பற்றிய பாதி உண்மை மாத்திரமே என்பதை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1892 சனவரி 1ஆம் திகதி, குஜராத்தில் சூரத் மாவட்டத்தைச் சேர்ந்த சரஸ் என்ற கிராமத்தில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, சட்டத்திலும் பட்டம் பெற்று, அரசின் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து, பின்னர் கூட்டுறவு வங்கியொன்றில் பரிசோதகராக ஊரூராகச் சென்றுவந்தார். இவ்வளவும் அக்காலத்துப் படித்த வாலிபர் எவருக்கும் பொதுவான வரலாறே. அவரைக் காந்தியிடம் கொண்டுபோய்ச் சேர்த்த சம்பவம்தான் கவனிக்கத்தக்கது. 1915இல் தமது ஆசிரமத்துக்கான விதிகளின் நகலை வெளியிட்டு, அதைப்பற்றிக் கருத்துக் கூறுமாறு காந்தி பலரையும் கேட்டிருந்தார். மகாதேவரும் அவருடைய உயிர் நண்பர் நரஹரி பரீக்கும் சேர்ந்து, அவ்விதிகளில் தமக்கு உடன்பாடில்லாதவற்றை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினர். பதில் வராதபடியால், அகமதாபாத்தில் ஒரு கூட்டம் முடிந்து காந்தி நடந்துபோகையில் தாமும் கூடவே ஆசிரமம் வரை நடந்து, நெடுநேரம் வாதாடினர். ஆகவே, கால் நூற்றாண்டு நீடித்த அந்த உறவு தொடங்கியது ஒரு மறுப்புக் கடிதத்தில். தலைவர்களின் செயலாளர்கள் பலர் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து சேருகிறவர்கள் என்பதை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

அதன்பின் இரண்டு வருடங்கள் கழித்து, தாம் தேடிக்கொண்டிருந்த ஆள் நீர்தான் என்று காந்தியே அவரிடம் சொல்லி, 1917 நவம்பரில் அவரை அழைத்துக்கொண்டார். அந்த மாதமே மகாதேவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். காந்தியின் பேச்சுகள், பார்க்க வந்தவர்களுடன் நடந்த உரையாடல்கள், அன்றன்று போன கடிதங்களின் சாரம், வழியிலும் உணவு வேளையிலும் காந்தி சொன்ன சிறு வார்த்தைகள் ஆகிய எல்லாம் அதில் ஏறின. அவர் எழுதியது சுருக்கெழுத்து அன்று, சாதாரண எழுத்து. மூன்றாம் வகுப்புப் புகையிரதப் பெட்டியில், ஒவ்வொரு நிலையத்திலும் சனங்கள் வந்து சன்னலை மொய்க்கும் நெரிசலிலும், திருத்தமான அழகிய கையெழுத்தில் அவர் எழுதிக்கொண்டே போனார். அறிக்கை எழுதிச் சம்பளம் பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேசையும் நாற்காலியும் நிகழ்ச்சி நிரலும் கையில் இருந்தபோதே, ஒரு மணி நேரப் பேச்சைப் பிழையின்றி எழுதுவது எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

எழுதி வைப்பது அவருடைய வேலையில் ஒரு பங்குதான். காந்தி குஜராத்தியில் நவஜீவன் பத்திரிகையில் வாரந்தோறும் எழுதிய சுயசரிதையை, ‘யங் இந்தியா’வுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவரே. உலகம் முழுவதும் காந்தியின் குரல் என்று இன்று படிப்பது பெரும்பாலும் மகாதேவரின் ஆங்கிலம். ஐந்தாம் பாகத்தில் 29 முதல் 43 வரையான அத்தியாயங்களைக் காந்தியின் இன்னொரு செயலாளரான பியாரேலால் மொழிபெயர்த்தார். அப்போது மகாதேவர் பர்தோலி விவசாயிகளின் நிலவரி விசாரணைக்காக அங்கே போயிருந்தார். இதைத் தமது முன்னுரையில் அவரே பதிவு செய்திருக்கிறார். தன் உழைப்பில் பிறர் கலந்த பங்கை அத்தியாய எண்ணோடு சொல்லும் நேர்மை எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். இலங்கைப் பயணம் நடந்ததும் இந்த மொழிபெயர்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான். கதர் நிதிக் கூட்டங்களின் ஓட்டத்துக்கு நடுவில் எழுதிய குறிப்புகளையும் உரைகளையும் சேர்த்து, 1928இல் சென்னையில் ஒரு நூலாகவே வெளியிட்டார். கூட வந்திருந்த கஸ்தூரிபாயை ஒருவர் காந்தியின் தாயார் என்று எண்ணிவிட, அதைக் காந்தி மேடையிலேயே சிரிப்போடு எடுத்துச் சொல்லி, ஒரு வகையில் இப்போது அவர் தமக்குத் தாய்தான் என்று ஏற்றுக்கொண்டதுபோன்ற செய்திகள், அப்பயணத்தில் உடனுக்குடன் எழுத ஓர் ஆள் இருந்தபடியாலேயே தங்கின. ஊர்க்கதைகளில் அது இல்லை.

பேனையைக் கீழே வைத்து நடுவே நின்று காரியம் பார்க்கவும் அவருக்குத் தெரியும். 1921இல் மோதிலால் நேருவின் பத்திரிகையான ‘இண்டிபெண்டன்ற்’டை நடத்துவதற்காகக் காந்தி அவரை அலகாபாத்துக்கு அனுப்பினார். அரசு அச்சகத்தின் கழுத்தை நெரித்தபோது, அவர் பத்திரிகையைக் கையாலேயே எழுதிப் பிரதி எடுத்து வெளியிட்டுச் சிறை சென்றார். 1932இல் ஏரவாடாச் சிறையில் காந்தியோடும் வல்லபாய் பட்டேலோடும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்த மாதங்களின் நாட்குறிப்பு, அவர் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டேல் கழிவுக் கடதாசியில் கடித உறை செய்வதும், வயதுபோன காலத்தில் சமஸ்கிருதம் படிப்பதும், எல்லாவற்றுக்கும் ஒரு குத்தலான பகிடி வைத்திருப்பதும் அதில் வருகின்றன. அதே பக்கங்களில்தான் காந்தியின் செப்டெம்பர் உண்ணாவிரதமும், ஒடுக்கப்பட்டோருக்கான தொகுதிகள் பற்றிய பூனா ஒப்பந்தமும் உருவாகின்றன. இன்னொரு சிறைவாசத்தில், பெல்காமில் இருந்தபோது, காந்தியின் குஜராத்திக் கீதையை நீண்ட முன்னுரையுடன் ஆங்கிலமாக்கினார். அந்நூல் அச்சில் வந்தது 1946இல்; அப்போது அவர் இல்லை.

1931இல் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தியுடன் லண்டனுக்கும் வந்தார். செப்டெம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை காந்தி தங்கியது கிழக்கு லண்டன் போ பகுதியிலுள்ள கிங்ஸ்லி ஹோலில். அலுவலகம் வைத்திருந்ததோ நகரின் மறுபக்கத்தில், நைட்ஸ்பிரிட்ஜில். இங்குள்ள எமது பழைய மாணவர் சங்கத்தினர் பலர் கிங்ஸ்லி ஹோலைத் தாண்டி நாள்தோறும் வேலைக்குப் போயிருக்கிறோம். போவிலிருந்து நைட்ஸ்பிரிட்ஜுக்குப் பனிக்கால மாலையில் போய்வரும் அலுப்பு எமக்குத் தெரியும். பகல் முழுவதும் மாநாடும் சந்திப்புகளும், இரவில் இந்தியாவுக்கு அனுப்ப வேண்டிய வாரக் கட்டுரையும் அதற்கு மேல் இருந்தன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இனி மாஸ்ரர் சொல்லாத பாதிக்கு வருகிறேன். 1938 மார்ச்சில் ஒரிசாவில் டெலாங் என்ற இடத்தில் காந்தி சேவா சங்கத்தின் மாநாடு நடந்தது. அதற்குப் போனவர்களில் கஸ்தூரிபாயும் மகாதேவரின் மனைவி துர்காபெண்ணும் பக்கத்திலுள்ள புரிக்குச் சென்று ஜகந்நாதர் கோயிலுக்குள் புகுந்து வணங்கி வந்தனர். ஹரிசனங்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கோயில் அது. அத்தகைய கோயில்களுக்குள் தம்மைச் சேர்ந்தவர்கள் போகக்கூடாது என்பது காந்தியின் உறுதி. செய்தி காதில் விழுந்ததும் அவர் மிகவும் நொந்துபோனார். இரத்த அழுத்தம் ஏறியது. பெண்களை விட மகாதேவரையும் தம்மையுமே அதிகம் குறைகூறினார்: வீட்டவர்களுக்கு இதை ஏன் புரியவைக்கவில்லை என்பது அவர் கேள்வி. மகாதேவருக்கோ, மனைவியின் பக்தியில் தாம் பலவந்தமாகத் தலையிடுவது எவ்விதத்தில் நியாயம் என்ற கேள்வி இருந்தது. தம்மால் இனி முடியாது, விலகிக்கொள்ள விடை தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். காந்தி விடை கொடுக்கவில்லை.

இத்துடன் அது வீட்டுக்குள் அடங்கிப்போயிருக்கலாம். பெரும்பாலான செயலாளர்கள் அதை அடக்கியும் இருப்பார்கள். மகாதேவர் நடந்ததை முழுவதும் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். காந்தி இச்சிறு விடயத்தைப் பெரிதாக்கினார் என்று தாம் எண்ணியதையும், தாம் விலக நினைத்ததையும் அதில் மறைக்கவில்லை. சொர்க்கத்தில் ஞானிகளோடு வாழ்வது ஆனந்தந்தான், பூமியில் ஒரு ஞானியோடு குடித்தனம் நடத்திப் பார் என்ற பொருளில் ஓர் ஆங்கிலப் பாட்டின் இரண்டு அடிகளையும் அதிலே சேர்த்தார். காந்தியின் பத்திரிகையில், காந்தியின் செயலாளர், காந்தியைப்பற்றி எழுதியது அது. அதைக் காந்தி அச்சேற விட்டார் என்பதும் இருவரையும் பற்றி எவ்வளவோ சொல்கிறது. மேடையின் ஓரத்தில் தலை நிமிராமல் எழுதியவரும் இவரும் ஒருவரே. பிறர் பேசியதைப் பதியும்போது தம் கருத்தைக் கலக்காதிருக்க அவரால் முடிந்ததற்கு, அக்கருத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டிருந்ததே காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

அந்த வருடங்களில் அவர் உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. காந்தி, பின்னாளில் சேவாகிராமம் எனப்பட்ட சேகாவுன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தபின், மகாதேவர் வார்தாவிலுள்ள மகன்வாடியில் தங்கி, சுமார் ஐந்து மைல் தூரத்தை நடந்து போய்த் திரும்பவும் நடந்து வருவார். வார்தாவின் கோடை வெயில் பெயர்போனது. ஒரு சைக்கிள் வண்டிக்காவது அங்கே வழி இல்லாமல் போயிற்றா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. தியாகம் என்ற பெயரால் தேவையற்ற சிரமங்களும் பெருமையாக்கப்பட்டுவிடுகின்றன.

1942 ஓகஸ்ட் 9 விடியற்காலையில் பம்பாயில் காந்தியோடு அவரும் கைதாகிப் புனேயில் ஆகாகான் மாளிகையில் அடைக்கப்பட்டார். 15ஆம் திகதி காலையில் சரோஜினி நாயுடுவோடும் சிறைத்துறை மேலதிகாரியோடும் பேசிக்கொண்டிருக்கையிலே மயங்கி விழுந்தார். டொக்டர் சுசீலா நய்யார் ஓடிவந்து பார்த்தார். காந்தி வந்து “மகாதேவ், மகாதேவ்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர் ஒருமுறை கண்ணைத் திறந்து தம்மைப் பார்த்தால் எழுந்துவிடுவார் என்று நம்பினாராம். ஐம்பது வயதிலேயே அவர் முடிந்துபோனார். எழுபத்திரண்டு வயதான காந்தி அவர் உடலைத் தம் கையாலேயே குளிப்பாட்டி, மாளிகை வளவிலேயே தீயும் இட்டார். ஒன்றரை வருடம் கழித்துக் கஸ்தூரிபாயின் சிதையும் அதன் பக்கத்திலேயே எரிந்தது.

நாட்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பை, 1915இல் கூடவே நடந்துபோய் வாதாடிய அதே நரஹரி பரீக் முதலில் ஏற்றார். குஜராத்தி நூலுக்கான சாகித்திய அக்காதெமி விருது 1955இல் அந்நாட்குறிப்புக்கே கிடைத்தது. அதில் துர்காபெண் மிக அரிதாகவே தலைகாட்டுகிறார். சிறையில் கழிந்த வருடங்களில் அவரும் சிறுவன் நாராயணும் எப்படி இருந்தார்கள் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்வது கடினம். அந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்தவர் அந்த மகனே. நாராயண் தேசாய் தம் தகப்பனாரைப்பற்றி எழுதிய வாழ்க்கை வரலாறு 1993இல் அதே விருதைப் பெற்றது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பிரதியொன்று என்னிடம் இருக்கிறது. இம்மலரை வெளியிடும் குழுவினர் வழி செய்து தந்தால், கல்லூரி நூலகத்துக்கு அதை அனுப்பிவைப்பேன்.